கித்தோவில் நான்கு நாள்கள்: இருவர் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

ஈக்வடாரின் தலைநகரான கித்தோ, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,850 மீட்டர் உயரத்தில், பிச்சிஞ்சா எரிமலையின் கிழக்குச் சரிவை ஒட்டி வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் நகரம். பொலிவியாவின் அரசு இயங்கும் லா பாஸ் நகரம் இதைவிட உயரத்தில் இருந்தாலும், பொலிவியாவின் அரசியல் சட்டப்படி அந்நாட்டின் தலைநகர் சுக்ரே என்பதால், சட்டப்படியான தலைநகரங்களுள் மிக உயரமானது தங்கள் ஊர்தான் என்று கித்தோ மக்கள் பெருமையுடன் சொல்வதுண்டு. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ 70 சதவீதமே. ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குள் போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது.

ஆகவே, நான்கு நாள்களை மட்டுமே ஒதுக்கி வரும் ஒரு தம்பதி, எவற்றைப் பார்ப்பது என்பதற்கு முன்பே எந்த வரிசையில் பார்ப்பது என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். தாழ்வான இடங்களை முதலிலும் உயரமான இடங்களைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். திறந்தவெளிகளைக் காலையிலும் கூரையுள்ள இடங்களைப் பிற்பகலிலும் பாருங்கள். கீழே சொல்லும் திட்டம் முழுவதும் இந்த இரண்டு விதிகளின்மேல்தான் நிற்கிறது.

புறப்படுவதற்கு முன்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. மற்ற மாதங்களில், குறிப்பாக ஏப்ரலில், பிற்பகல் மழையை எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும். மழைக்காலத்திலும் காலைப் பொழுது பெரும்பாலும் தெளிவாகவே இருப்பதால், அதற்காகப் பயணத்தைக் கைவிடத் தேவையில்லை. பகலில் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டியும் இரவில் 10 டிகிரியை ஒட்டியும் இருக்கும். நிலநடுக்கோடு மிக அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் காலை ஆறு மணியை ஒட்டியே விடிகிறது. மாலை ஆறே கால் மணியளவில் இருட்டத் தொடங்குகிறது. ஒரே தடித்த உடுப்பை எடுத்துச் செல்வதைவிட, கழற்றவும் அணியவும் வசதியான மெல்லிய உடுப்புகளை அடுக்காக வைத்துக்கொள்வதே இங்கு பயன்படும். குளிர்கிறதே என்று வெயிலைக் குறைவாக மதிப்பிட்டுவிடாதீர்கள். மெல்லிய காற்றும் தலைக்கு மேல் நிற்கும் சூரியனும் சேர்ந்து, மேகமூட்டமான நாளில்கூட அரை மணி நேரத்துக்குள் தோலைச் சிவக்கச் செய்துவிடும். தொப்பியும் சன்ஸ்கிரீனும் இருவருக்கும் கட்டாயம்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் 2019 முதல் முன்கூட்டியே விசா பெற்றாக வேண்டும். அண்டை நாடுகள் வழியாக வருவோரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும் விதிகளும் உள்ளன. இவை மாறக்கூடியவை என்பதால் பயணச்சீட்டு வாங்கும் முன்பே ஈக்வடார் தூதரகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். இதய நோயோ, நுரையீரல் நோயோ, கட்டுப்பாடில்லாத இரத்த அழுத்தமோ உள்ளவர்களும், கருவுற்றிருப்பவர்களும் உயரத்தைப் பற்றி மருத்துவரிடம் பேசாமல் புறப்படக் கூடாது. மலைநோய்த் தடுப்புக்குப் பயன்படும் அசெட்டசோலமைடு மாத்திரையையும் மருத்துவரின் ஆலோசனைப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஈக்வடாரின் சொந்த நாணயமான சுக்ரே கைவிடப்பட்டு, 2000ஆம் ஆண்டு முதல் அமெரிக்க டாலரே புழங்குகிறது. 50, 100 டாலர் நோட்டுகளைச் சிறு கடைகளிலும் டாக்சிகளிலும் வாங்க மாட்டார்கள். 1, 5, 10 டாலர் நோட்டுகளே அன்றாடம் உதவும். பணத்தையும் வங்கி அட்டைகளையும் ஒருவரிடமே வைக்காமல் இருவரும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய பை தொலைந்தாலும் மற்றவரிடம் உள்ளதைக் கொண்டு பயணத்தைத் தொடர முடியும்.

வந்து இறங்கும் நாள்

நகரின் நடுவே இருந்த பழைய விமான நிலையம் 2013இல் மூடப்பட்டு, கிழக்கே தபபேலா சமவெளியில் புதியது திறக்கப்பட்டது. அது சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இரவு வெகுநேரம் கழித்து வந்து சேர்கிறவர்கள் அன்றிரவு அந்தச் சமவெளியிலேயே தங்கிவிட்டு, காலையில் நகருக்கு ஏறுவது நல்லது. நீண்ட பயணத்தில் களைத்த உடல் 450 மீட்டர் தாழ்வாக உறங்குவது மறுநாள் தலைவலியைக் கணிசமாகக் குறைக்கும் என்பதோடு, இருட்டில் ஒரு மணி நேரம் மலைச்சாலையில் போகும் சிரமமும் இல்லை. பகலில் இறங்கினால், வெளியே வந்து கூவி அழைப்பவர்களைத் தவிர்த்து, விமான நிலையத்துக்குள் இருக்கும் அதிகாரப்பூர்வ டாக்சி வரிசையில் பகுதிவாரிக் கட்டணத்தைக் கேட்டறிந்து ஏறுங்கள்.

தங்குவதற்கு இரண்டு பகுதிகள் ஏற்றவை. லா கரோலினா பூங்காவைச் சுற்றியும் லா ஃப்ளோரெஸ்தாவிலும் உணவகங்களும் காபிக் கடைகளும் நிறைந்திருப்பதால் மாலைப் பொழுது கலகலப்பாகப் போகும். ஆனால் குறுகிய பயணத்துக்கு நான் பழைய நகரத்தையே சொல்வேன். பழைய வீடுகளை மாற்றியமைத்த முற்றம் வைத்த விடுதிகள் அங்கே பல உள்ளன; காலை ஏழு மணிக்கு, பேருந்துகளும் கூட்டமும் வருவதற்கு முன், கல் பாவிய தெருக்களில் இருவரும் நடக்கும் அந்த ஒரு மணி நேரம் வேறு பகுதியில் தங்கினால் வாய்க்காது. சான் ஃபிரான்சிஸ்கோ சதுக்கத்திலேயே மெட்ரோ நிலையமும் இருக்கிறது. முன்பதிவு செய்யும்போது மூன்றைக் கேளுங்கள்: இருவருக்கான ஒரே பெரிய கட்டில் உள்ள அறையா, தெருப்பக்கம் அல்லாமல் முற்றத்தைப் பார்த்த அறையா, ஹீட்டரோ கூடுதல் கம்பளியோ உண்டா. கித்தோவின் பல விடுதிகளில் அறையைச் சூடாக்கும் வசதி கிடையாது.

முதல் நாளில் பெரிதாக எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள், மது வேண்டாம், இரவு உணவைச் சூப்பும் சோளமும் போன்ற எளிய அளவில் முடித்துக்கொள்ளுங்கள். இருவரில் ஒருவருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். மற்றவருக்கு ஒன்றுமே தெரியாமல் போகலாம். உடல் வலுவுக்கும் வயதுக்கும் இதில் பெரிய தொடர்பில்லை. மலையேறிப் பழகியவரே படுத்துவிடுவதும் உண்டு. எனவே, யாருக்கு மூச்சு அதிகம் வாங்குகிறதோ அவருடைய நடையே அன்றைய நடை என்று இருவரும் முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. நலமாக இருப்பவர் மற்றவரை வற்புறுத்துவதும், சிரமப்படுபவர் துணையின் மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டாமே என்று சொல்லாமல் மறைப்பதும்தான் இங்கே உண்மையான ஆபத்து. சாதாரணத் தலைவலி ஓய்வில் தணிந்துவிடும். தொடர் வாந்தி, தள்ளாட்டம், மனக்குழப்பம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் காத்திருக்காமல் மருத்துவ உதவி பெற வேண்டும். அவசர உதவி எண் 911.

இரண்டாம் நாள்: கீழே இறங்கி நிலநடுக்கோட்டுக்கு

பலர் கடைசி நாளுக்குத் தள்ளிவைக்கும் மித்தாத் தெல் முந்தோவை, அதாவது நிலநடுக்கோட்டு நினைவுச் சின்னத்தை, இரண்டாம் நாள் காலையிலேயே பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 26 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அந்த இடம் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில்தான் உள்ளது. வறண்ட, வெயில் மிகுந்த நிலம். உயரத்துக்குப் பழகாத உடலுக்கு அது ஓய்வு போன்றது. லா ஓஃபேலியா பேருந்து நிலையத்திலிருந்து அங்கே நேரடிப் பேருந்துகள் உண்டு. போக்குவரத்தைப் பொறுத்து ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம் என்பதால், டாக்சியைப் பாதி நாளுக்குப் பேசிக்கொள்வது இருவருக்குக் கட்டுப்படியாகும்.

போகும் முன் அதன் வரலாற்றை அறிந்துகொண்டால் 30 மீட்டர் உயரக் கல் கோபுரம் வெறும் படம் பிடிக்கும் இடமாக நின்றுவிடாது. பூமி துருவங்களில் தட்டையானதா, நிலநடுக்கோட்டில் ஒடுங்கியதா என்று ஐரோப்பிய அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருந்த காலத்தில், லா கொந்தமீன், பூகே, கொதேன் ஆகியோர் அடங்கிய பிரெஞ்சு அறிவியல் குழு ஒன்று 1736இல் கித்தோவுக்கு வந்தது. நீங்கள் வந்து இறங்கிய விமான நிலையத்தை ஒட்டிய யாருக்கி சமவெளியில்தான் அவர்கள் தங்கள் கணக்கீடுகளுக்கெல்லாம் அடிப்படையான முதல் நேர்கோட்டைத் தரையில் வைத்து அளந்தார்கள். குளிரிலும் மூடுபனியிலும் ஆண்டுக்கணக்கில் மலைச்சிகரங்களுக்கு இடையே கோணங்களை அளந்து, பூமி நிலநடுக்கோட்டில் புடைத்திருக்கிறது என்பதற்கு அவர்கள் சான்று சேர்த்தார்கள். 1830இல் பிறந்த நாடு ஈக்வடார் என்று பெயர் பெற்றதும் இந்த நிலநடுக்கோட்டினால்தான்.

இன்றைய ஜிபிஎஸ் கணக்குப்படி உண்மையான கோடு, கோபுரத்தருகே வரைந்துள்ள மஞ்சள் கோட்டிலிருந்து சுமார் 240 மீட்டர் வடக்கே ஓடுகிறது. இதைச் சொல்லிக் கோபுரத்தைக் குறைத்துப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை; கோபுரம் அந்தப் பெரும் உழைப்புக்கான நினைவுச் சின்னம், அளவுகோல் அல்ல. பக்கத்திலுள்ள இந்தீஞான் அருங்காட்சியகத்தில் தொட்டித் தண்ணீர் கோட்டின் இருபுறமும் எதிரெதிர்த் திசையில் சுழல்வதைக் காட்டுவார்கள். சில மீட்டர் தொலைவில் பூமியின் சுழற்சி ஒரு தொட்டி நீரைத் திருப்பிவிட முடியாது; நீரை ஊற்றும் முறையே அதைத் தீர்மானிக்கிறது. அதை விளையாட்டாகவே பாருங்கள். மார்ச் 20, செப்டம்பர் 22 தேதிகளையொட்டிப் போகிறவர்கள் நண்பகலில் தங்கள் நிழல் காலடிக்குள் சுருங்குவதைப் பார்க்கலாம். அது கண்கூடான உண்மை.

நேரம் இருந்தால் சில கிலோமீட்டர் தள்ளியுள்ள புலுலாகுவா எரிமலை வாயின் காட்சிமேடைக்கும் போய் வாருங்கள். அந்த வாய்க்குள்ளேயே வயல்களும் வீடுகளும் இருக்கின்றன. மக்கள் பயிர் செய்து வாழ்கிறார்கள். பிற்பகலில் மேகம் வந்து நிரப்பிவிடும் என்பதால் முதலில் இங்கே வந்துவிட்டுப் பிறகு கோபுரத்துக்குப் போவதே சரி.

பிற்பகலில் மழை தொடங்கும் நேரத்துக்கு நகரின் பெல்லாவிஸ்தா பகுதியில் உள்ள ஓவியர் ஓஸ்வால்தோ குவாயாசமினின் இல்லத்தையும், அவர் திட்டமிட்டு, 1999இல் அவர் மறைந்த பின் 2002இல் திறக்கப்பட்ட 'மனிதனின் கோயில்' என்னும் கூடத்தையும் பாருங்கள். அடக்குமுறையும் பசியும் தாய்மையும் அங்கே பெரும் கைகளாகவும் முகங்களாகவும் சுவர்களை நிறைத்திருக்கின்றன. குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கித்தோவின் பல அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதையும் கவனித்துத் திட்டமிடுங்கள்.

மூன்றாம் நாள்: பழைய நகரம்

1978இல் யுனெஸ்கோ தன் முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பன்னிரண்டு இடங்களில் கித்தோவின் பழைய நகரமும் ஒன்று. இதை ஒரே நாளில் நடந்தே பார்க்கலாம். ஆனால் தெருக்கள் பள்ளத்தாக்குகளை நிரப்பி எழுந்தவை, ஏற்ற இறக்கம் மிகுதி. கீழே உள்ள சதுக்கங்களில் தொடங்கி, வடக்கே மேட்டில் உள்ள பசிலிக்கா தேவாலயத்தில் முடிப்பதே உடலுக்கு ஏற்ற வழி.

சான் ஃபிரான்சிஸ்கோ சதுக்கத்தில் தொடங்குங்கள். அந்தத் தேவாலயத்தின் முன்முற்றத்தைக் கட்ட ஒப்புக்கொண்ட காந்துஞா என்ற பூர்வகுடிக் கொத்தனார், விடிவதற்குள் முடித்துத் தரும்படி சாத்தானிடம் தன் ஆன்மாவை அடகு வைத்ததாகவும், கடைசியில் ஒரு கல் குறைந்ததைச் சுட்டிக்காட்டித் தப்பியதாகவும் ஊர்க்கதை உண்டு. உள்ளே தலைமைப் பீடத்தில் பெர்னார்தோ தெ லெகார்தா 1734இல் செதுக்கிய, சிறகுள்ள கன்னி மரியாளின் மரச்சிற்பம் இருக்கிறது. சிறியதுதான், காலடியில் பாம்பை மிதித்து, நடனமாடுவதுபோல் உடலைத் திருப்பி நிற்கும் அந்த நிலையை அருகில் நின்று நிதானமாகப் பாருங்கள். நகரின் தெற்கே பனெசீயோ குன்றின்மேல் நிற்கும் பெரிய அலுமினியச் சிலை இதைப் பார்த்து வடித்ததே.

அங்கிருந்து சில நிமிட நடையில் லா கொம்பாஞியா தேவாலயம். ஏசு சபையினர் 1605இல் தொடங்கி 1765இல் முடித்த இக்கோயிலின் முகப்பு எரிமலைக் கல்லில் செதுக்கியது. உள்ளே சுவர், வளைவு, கூரை எல்லாம் மெல்லிய தங்கத் தகடு போர்த்தியவை. 160 ஆண்டுகள் கட்டி முடித்த இரண்டே ஆண்டுகளில், 1767இல், ஸ்பானிய மன்னரின் ஆணைப்படி அச்சபையினர் நாட்டை விட்டே வெளியேற்றப்பட்டார்கள் என்பதை நினைத்தபடி அந்தத் தங்கத்தைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. நுழைவுக் கட்டணம் உண்டு. படம் எடுக்க அனுமதி உள்ளதா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கோயில்களைத்தான் பார்க்க நேரம் என்றால் இவை இரண்டுமே போதும்.

பிளாசா கிராந்தே சதுக்கத்தில் பெஞ்சில் அமர்ந்து ஓய்வெடுங்கள். ஒருபுறம் குடியரசுத் தலைவரின் கரோந்தெலெத் மாளிகை, இன்னொரு புறம் பேராலயம். 1822 மே 24 அன்று பிச்சிஞ்சா சரிவில் ஸ்பானியப் படையை வென்று இந்நகரை விடுவித்த தளபதி அந்தோனியோ ஹோசே தெ சுக்ரேவின் கல்லறை அப்பேராலயத்துக்குள் உள்ளது. விமான நிலையத்துக்கும் பழைய நாணயத்துக்கும் பொலிவியாவின் தலைநகருக்கும் பெயர் தந்தவர் அவரே.

மழை வந்தால், கொலம்பஸுக்கு முந்தைய கலைப்பொருள்களை அழகாக அடுக்கி வைத்துள்ள காசா தெல் அலபாதோ அருங்காட்சியகத்துக்குள் புகுந்துகொள்ளுங்கள். மழை இல்லாவிட்டால் பசிலிக்காவுக்கு ஏறுங்கள். அதன் வெளிச்சுவரில் நீர் வடியும் உருவங்களாக இக்வானாக்களும் ஆமைகளும் அர்மடில்லோக்களும் ஈக்வடாரின் காட்டிலிருந்து வந்து அமர்ந்திருக்கின்றன. கோபுரத்தின் மேல் பகுதிக்குச் செங்குத்தான இரும்பு ஏணிகளில்தான் போக வேண்டும். உயரத்தைக் கண்டு அஞ்சுபவர் கீழேயே இருந்துகொள்வதில் எந்த இழப்பும் இல்லை.

நான்காம் நாள்: மேலே

தெலெஃபெரிக்கோ என்னும் கேபிள் கார் சுமார் 3,100 மீட்டரில் தொடங்கிப் பிச்சிஞ்சாவின் சரிவில் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டு விடுகிறது. மூன்று இரவுகள் கித்தோவில் உறங்கிய பிறகு இதை வைத்துக்கொள்வதால் உடல் ஓரளவு ஆயத்தமாக இருக்கும். மூன்றாம், நான்காம் நாள்களின் திட்டத்தை மாற்றிக்கொள்ளவும் தயாராக இருங்கள். காலையில் எழுந்ததும் மலையைப் பாருங்கள், உச்சி தெளிவாகவும் உடல் நலமாகவும் இருந்தால் உடனே கிளம்புங்கள், மேகம் மூடியிருந்தால் அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம். தெளிந்த காலையில் 5,897 மீட்டர் உயரமுள்ள கொத்தபக்ஸி எரிமலையின் பனி மூடிய கூம்பு தெற்கே முழுமையாகத் தெரியும். மேலே ஒரு மணி நேரம் மெதுவாக நடந்தால் போதும். அங்கிருந்து ருகு பிச்சிஞ்சா சிகரம் வரை ஒரு பாதை உண்டு. ஏறத்தாழ 4,700 மீட்டர் உயரமுள்ள அதைக் குறுகிய பயணத்தில் முயல வேண்டாம். பிற்பகலில் இடி மின்னல் வரக்கூடிய வெட்ட வெளி அது.

மாலையில் பனெசீயோவுக்கு டாக்சியிலேயே போய், அதே டாக்சியைக் காத்திருக்கச் சொல்லி, அதிலேயே இறங்குங்கள். படிக்கட்டு வழியாக நடந்து ஏறுவோரிடம் வழிப்பறி நடப்பது நகரத்தார் அனைவரும் எச்சரிக்கும் விஷயம். பிறகு லா ரோந்தா தெருவில் இலவங்கப்பட்டையும் நாரஞ்சீயா பழமும் சேர்த்துக் கொதிக்கவைத்த கனெலாசோவைச் சூடாகக் குடிக்கலாம். மது கலக்காமலும் கேட்டு வாங்கலாம். வார இறுதியை ஒட்டிய இரவுகளில்தான் அந்தத் தெருவில் இசையும் கூட்டமும் இருக்கும்.

உணவும் நடமாட்டமும்

நண்பகலில் சாப்பிடுவதையே முதன்மை உணவாக வைத்துக்கொள்ளுங்கள். அல்முவெர்சோ என்று பலகை வைத்த எளிய உணவகங்களில் சூப்பும், சோற்றுடன் ஒரு கறியும், பழச்சாறும் சில டாலருக்குள் கிடைக்கும். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்து அவகாடோ துண்டுகளுடன் தரும் லோக்ரோ, இந்தக் குளிருக்கென்றே அமைந்த சூப். உருளைக்கிழங்கு அடைபோன்ற யாப்பிங்காச்சோ, சோள இலையில் அவித்த ஊமீத்தா ஆகியவையும் நன்று. சைவ உணவு உண்பவர்கள் 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ' என்று மூன்றையும், அதாவது இறைச்சியும் கோழியும் மீனும் வேண்டாம் என்பதை, தனித்தனியாகச் சொல்ல வேண்டும். காய்கறிச் சூப்புகூட எலும்புச் சாற்றில் செய்ததாக இருக்கலாம் என்பதால் அதையும் கேளுங்கள். புனித வாரத்தில் வருவோர் பன்னிரண்டு தானிய, பருப்பு வகைகளில் செய்யும் ஃபனெஸ்காவைத் தவறவிட வேண்டாம். அதில் கருவாடு சேர்ப்பது வழக்கம்.

2023 டிசம்பரில் முழுமையாக இயங்கத் தொடங்கிய மெட்ரோ, 22 கிலோமீட்டரில் 15 நிலையங்களுடன் தெற்கையும் வடக்கையும் இணைக்கிறது, தூய்மையானது, விரைவானது. நெரிசலான பேருந்துகளைவிட இதையே நம்புங்கள். இரவில் விடுதி மூலமோ செயலி மூலமோ மட்டும் டாக்சி அழையுங்கள். 2024 ஜனவரியில் ஈக்வடார் அரசு குற்றக் கும்பல்களுக்கு எதிராக உள்நாட்டு ஆயுத மோதல் நிலையை அறிவித்தது. அதன் பின் அவசரநிலையும் சில இடங்களில் ஊரடங்கும் அவ்வப்போது வந்துள்ளன. கடலோர மாகாணங்களில்தான் வன்முறை மிகுதி என்றாலும், புறப்படும் வாரத்தில் உங்கள் நாட்டு அரசின் பயண அறிவுரையைப் படியுங்கள். தெருவில் இருவரும் ஒரே நேரத்தில் கைப்பேசியைப் பார்த்தபடி நிற்காதீர்கள்; ஒருவர் வழி பார்க்கும்போது மற்றவர் சுற்றிலும் கவனியுங்கள். உடையில் ஏதோ கறை பட்டிருப்பதாகச் சொல்லித் துடைக்க வருபவரிடம் நிற்காமல் நடந்துவிடுங்கள்.

நான்கு நாள்களுக்குள் ஓத்தவாலோ சந்தையையோ மிந்தோ மேகக்காட்டையோ நுழைக்க முயல்வது இரண்டையும் கெடுக்கும். ஐந்தாம் நாள் கிடைத்தால் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்: சனிக்கிழமையென்றால் ஓத்தவாலோ, மற்ற நாள்களில் மிந்தோ.

திரும்பும் நாளில், விமான நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்கும்படி, சாலைக்கென்று தனியே ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிக் கிளம்புங்கள். கையில் சேர்ந்திருக்கும் சில்லறையில் ஈக்வடார் அச்சிட்ட சென்ட் நாணயங்களை முன்னதாகவே பிரித்து வைத்துக்கொண்டு செலவழித்துவிடுங்கள். டாலர் நோட்டுகள் ஈக்வடாருக்கு வெளியேயும் பயன்படும், அந்த நாணயங்கள் எல்லையைத் தாண்டினால் செல்லாது. உள்ளூர்க் கொக்கோவில் செய்த சாக்லேட்டுக்கு அவற்றைக் கொடுக்கலாம்.